பனிக்காலத்துக்கு வண்டியைத் தயார் செய்த கதை

பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பேச்சு எஞ்சினில்தான் தொடங்கும். காலையில் ஸ்டார்ட் ஆகுமா, எண்ணெய் இறுகிவிடாதா, சோக்கை எவ்வளவு நேரம் இழுத்து வைப்பது என்று. நம் மலையகத்துக் குளிர் எஞ்சினுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது என் கட்சி. குளிர் பிடிப்பது விரல்களைத்தான். அந்த விரல்கள்தான் பிரேக்கையும் கிளட்ச்சையும் பிடிக்கின்றன. அவை மரத்துப் போன பிறகு எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினால் என்ன? அதனால் இந்த முறை கையையும் பிரேக்கையும் முதலில் எடுத்துக்கொண்டேன். மற்றவை பின்னால் வந்தன.

என் வழி கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு. மரக்கறி மொத்தக் கடையில் வேலை என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கந்தப்பளை அதற்கும் மேலே. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து இராகலை வரை ஓடிய சின்ன ரயிலும் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. அது இருந்திருந்தால் இந்தக் குறிப்புக்கே வேலை இருந்திருக்காது. வண்டி 100 சிசி, காபுரேட்டர், கிக்கர், இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். தோட்டப் பக்கங்களில் அதிகம் காண்கிற வகைதான்.

தலவாக்கலை, ஹட்டன் பக்கத்தவர்களுக்கு மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்கு மழைதான் பெரிய மழை. கிழக்குச் சரிவில் இருக்கும் இராகலை, வலப்பனைக்கு வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிதான் கணக்கு. எங்கள் மேட்டுக்கும் அது தப்பாமல் வந்து சேரும். டிசம்பரில் மழையும் மூடுபனியும். ஜனவரி பாதியில் மழை குறைந்து வானம் தெளிந்ததும் இன்னொரு தொல்லை தொடங்கும்: மேகமில்லாத இரவுகளில் நிலத்துச் சூடு நேரே வானத்துக்குப் போய்விட, விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. கொழுந்து கருகுவதும் இந்தக் காலத்தில்தான். ஆக ஒரே பனிக்காலத்தில் இரண்டு பருவம் இருக்கிறது. ஈரக் குளிருக்கு ஒரு தயாரிப்பு, காய்ந்த குளிருக்கு இன்னொன்று.

காற்றுக் குளிருக்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பநிலை 10 பாகை, வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது என்றால் திறந்த தோலுக்கு அது ஏறத்தாழ 6 பாகையாகத் தெரியும். 5 பாகை என்றால் சுழியத்துக்கும் சற்றுக் கீழே. அதுவும் காய்ந்த தோலுக்கு. கையுறை நனைந்திருந்தால் நீர் ஆவியாகும்போது இன்னும் சூட்டை உறிஞ்சும். கடைகளில் கிடைக்கும் கம்பளிக் கையுறை மழையில் முதல் கால் மணிக்கே ஊறிவிடும். பிறகு அதைப் போட்டிருப்பதைவிடக் கழற்றிப் பைக்குள் வைப்பதே மேல்.

கைப்பிடியைச் சூடாக்கும் மின்சாதனம் வாங்கச் சொன்னான் ஒரு நண்பன். அந்த வகைச் சாதனங்கள் பொதுவாக 30, 40 வாட் இழுக்கும். இதுபோன்ற சின்ன வண்டியில் முகப்பு விளக்கே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துத் தாங்காது. கை சூடாகி விளக்கு மங்கினால் மூடுபனியில் நான் என்ன செய்வது? காற்றைத் தடுத்தாலே போதும், சூடு உடம்பிலேயே இருக்கிறது என்று முடிவு செய்து, கைப்பிடியோடு சேர்த்து மூடும் உறையை நானே செய்யத் தொடங்கினேன்.

வெளித்துணிக்குப் பழைய லொறிப் படங்கு. கொழுந்து பறிக்கும் அக்காமார் இடுப்பில் கட்டுகிற மெல்லிய படங்கு இதற்கு உதவாது, காற்றில் படபடக்கும். லொறிக் கூரையில் கிழிந்து கழித்துப் போட்டதில் நல்ல பாகமாகப் பார்த்து வெட்டிக்கொண்டேன். உட்புறத்துக்கு வீட்டில் கிடந்த கம்பளியின் ஓரம். விறைப்பாக நிற்க, காலியான ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கேனிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய பட்டைகள்.

அளவை வண்டியில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும், மேசையில் அல்ல. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, விரல்களை லீவருக்கு முன்னால் முழுக்க நீட்டி வைத்துக்கொண்டேன். தம்பி பழைய செய்தித்தாளைச் சுற்றி மடித்துப் பென்சிலால் கோடு போட்டான். நீட்டிய விரல் நுனிக்கும் தாளுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி. நீளம் 38 சென்டிமீட்டர், கை நுழையும் வாய் 20 சென்டிமீட்டர் அகலம் என்று வந்தது. வேறு வண்டிக்கு இது பொருந்தாது. தாளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வலது பக்கத்தை இடதைவிட மூன்று சென்டிமீட்டர் கூட்டி வெட்டினேன். எக்ஸிலேட்டர் கேபிள், முன் பிரேக் கேபிள் இரண்டும் அங்கே வளைந்து இறங்குகின்றன. துணி அவற்றை அழுத்தினால் எக்ஸிலேட்டர் திரும்பி வராது.

வீட்டுத் தையல் மெஷின் ஊசி படங்குக்கு ஒடிந்துவிடும். நுவரெலியா டவுனில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். வெட்டிய துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, மாட்டுக்குக் கொம்பு உறையா?” என்றார். விளக்கிச் சொன்ன பிறகு வேலையில் இறங்கினார். வாயோரம் மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும், இல்லையென்றால் கை போய் வரும் இடத்தில் முதலில் பிரியும் என்பது அவர் சேர்த்தது. நான் கேட்டுக்கொண்டவை இரண்டுதான். தையல் ஓரங்கள் லயத்துக் கூரைத் தகரம் மாதிரி மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் விழும்படி இருக்க வேண்டும். கம்பளி வாயோரம் வரை வரக்கூடாது, மூன்று சென்டிமீட்டர் உள்ளேயே நின்றுவிட வேண்டும். ஓரத்தில் கம்பளி தெரிந்தால் அது மழையைத் திரி போல உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வீட்டுக்கு வந்து தையல் தடத்தில் சைக்கிள் டியூபுக்குப் பூசும் சொலூஷனைத் தடவி அடைத்தேன். அடியில் தாழ்வான இடத்தில் ஒரு சின்ன ஓட்டை வைத்தேன். எப்படியும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், அது போக வழி வேண்டுமே.

பொருத்துவதில்தான் உயிர் இருக்கிறது. எங்கள் லயத்தில் ஓர் அண்ணன் சென்ற வருடம் மெல்லிய ரெக்ஸினில் இதே மாதிரி உறை தைத்து மாட்டியிருந்தார். வேகம் கூடும்போது காற்று துணியை லீவரின்மேல் அழுத்தி, முன் பிரேக் சதா லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னால் போனவர்கள் “உங்கள் பிரேக் லைட் அணையவே இல்லை” என்று சொல்லித்தான் தெரிந்தது. டிரம் கை வைக்க முடியாத சூடு. கேன் பட்டைகளை நான் உள்ளே வைத்தது இதற்காகத்தான். ஒன்று லீவருக்கு முன்னால் வளைவாக, ஒன்று வாயில் வட்டமாக. கண்ணாடித் தண்டு நுழைய ஓட்டை போட்டு, மேலும் கீழும் டியூப் ரப்பர் வைத்து வாஷரோடு இறுக்கினேன். உள்முனையை ஹேண்டிலோடு நைலோன் கயிற்றால் கட்டினேன். இரண்டு பிடிப்பு இருந்தால்தான் உறை சுழலாது.

ஓட்டுவதற்கு முன்னால் சில சோதனைகள். உள்ளங்கையால் உறையின் முன்பக்கத்தை நன்றாக அழுத்தினேன், லீவர் அசையவில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பினேன். சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். எக்ஸிலேட்டரை முறுக்கி விட்டதும் ‘டக்’கென்று திரும்புகிறதா என்று பார்த்தேன். கடைசியாக, கையை ஒரே இழுப்பில் வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடும் பழக்கம். இதை முதலில் ஸ்டாண்டில் நிறுத்தியும் பிறகு பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் மைதானத்தில் மெதுவாக ஓட்டியும் செய்தேன். விழும்போது கை சிக்கிக்கொள்ளும் உறை, உறையே இல்லாததைவிட மோசம். சுவிட்சுகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஹோர்ன் பொத்தானின்மேல் ஒரு துண்டு டியூப் ரப்பர் ஒட்டியிருக்கிறேன். பெருவிரல் தடவியதும் தெரிந்துவிடும்.

பலன்? உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போதுமாக இருக்கிறது. விரல் சூடாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்கு வந்து சேர்ந்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடிகிறது. முன்பு அதற்கு ஒரு பிளேன்டீயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாக வேண்டும்.

அடுத்தது பிரேக். விரல் தயாரானாலும் கேபிளுக்குள் தண்ணீரும் துருவும் இருந்தால் இழுவை கனக்கும். கேபிளின் மேல்முனையைக் கழற்றி, ஒரு பொலித்தீன் பையின் மூலையைக் கத்தரித்துப் புனலாகக் கட்டி, அதில் மெல்லிய எண்ணெயை ஊற்றி இரவு முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் கீழே வைத்த டப்பாவில் பழுப்பு நிறத்தில் அழுக்கு நீரோடு எண்ணெய் வடிந்திருந்தது. வெறும் எண்ணெய் வரும் வரை மறுபடி ஊற்றினேன். உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள கேபிள்களும் உண்டு. அவற்றுக்கு எண்ணெய் தேவையில்லை. வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

முன் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூவின் தூசியை வாயால் ஊதக்கூடாது, காற்றுக் குழாயாலும் அடிக்கக்கூடாது. பழைய ஷூக்களில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பொலித்தீனில் கட்டி எறிந்துவிட வேண்டும். ஷூவின் முகம் கண்ணாடி போல் பளபளத்துக் கிடந்தது. இறக்கத்தில் சூடேறிச் சூடேறி ஆவது இது. மண்தாளால் லேசாகத் தேய்த்து மங்கலாக்கினேன். ஷூவை விரிக்கும் கேம் தண்டை வெளியே எடுத்துத் துரு நீக்கி, நகத்தளவு கிரீஸ் மட்டும் வைத்தேன். அதிகம் வைத்தால் சூட்டில் உருகி ஷூவின்மேல் வழியும். பின் சக்கரத்துக்கும் இதே வேலைதான்.

பிரேக்கைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டுக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில் அது இன்னும் பரவியது. றம்பொடைப் பக்கமோ லபுக்கலைப் பக்கமோ அப்படி இறங்கினால் முழுப் பாரமும் இரண்டு சின்ன டிரம்களின் தலையில். ஈரத்தில் பிடிப்பு குறையும், சூட்டிலும் குறையும். இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். தண்ணீர் ஓடும் இடத்தைக் கடந்த பிறகு பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் போனால் ஷூ காய்ந்துவிடும்.

இனி, என்னை அதிகம் அலைக்கழித்த கோளாறு. மூடுபனி நாட்களில் பீட்ரு தோட்டத்தைத் தாண்டி ஹாவாஎலிய வரும் வரை வண்டி உதறும். ஒரு அடி வாங்கியது போல் நின்று மறுபடி இழுக்கும். மதியம் திரும்பி வரும்போது ஒன்றும் இல்லை. கராஜில் காட்டினால் அப்போதும் ஒன்றும் இல்லை. “காபுரேட்டரைக் கழற்றிக் கழுவலாம், கொயிலை மாற்றிப் பார்க்கலாம்” என்றார்கள். ஈரத்தில் மட்டும் வரும் கோளாறு மின்சாரத்தில்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. பொறிக்கு மின்சாரம் அனுப்பும் அந்தக் கொயிலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஓர் இரவு வீட்டு விறாந்தையில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் போத்தலால் பிளக் பக்கம் நீரைப் புகையாக அடித்தேன். தெரிந்துவிட்டது. பிளக் மூடியின் அடியிலிருந்து சிலிண்டர் தலைக்கு நீலமாகப் பொறி ஓடியது. மூடியின் ரப்பர் வெடித்து, அந்தப் பிளவில் ஈரம் இறங்கி, மின்சாரம் பிளக்குக்குள் போகாமல் வெளியே வழி கண்டுபிடித்திருக்கிறது. சோதனை செய்பவர்கள் அந்த நேரத்தில் வயரைத் தொட வேண்டாம், கை உதறிவிடும்.

எஞ்சினை நிறுத்தி மூடியைத் திருகி எடுத்தேன். வயரின் நுனியில் செம்பு பச்சை பிடித்திருந்தது. நல்ல செம்பு தெரியும் வரை அரை சென்டிமீட்டர் வெட்டி, புது மூடியைத் திருகினேன். வயர் நுழையும் வாயிலும் பிளக்கைக் கவ்வும் வாயிலும் சிலிகன் கிரீஸ் பூசி, மேலே டியூப் ரப்பரை இறுக்கமாகச் சுற்றினேன். பிளக்கையும் துடைத்து, இடைவெளியைக் கையேட்டில் சொன்னபடி 0.7 மில்லிமீட்டருக்குள் வைத்தேன். மறுபடி இருட்டில் நீர் அடித்துப் பார்த்தேன், பொறி இல்லை. மொத்தச் செலவு ஒரு மூடியின் விலை.

பெற்றோல் தாங்கியைப் பனிக்காலத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வைத்திருக்கிறேன். வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் ஈரக்காற்று நின்று, இரவுக் குளிரில் தகரத்தில் வியர்த்து, தண்ணீராக அடியில் இறங்கும். தண்ணீர் பெற்றோலைவிடக் கனம். காபுரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்திக் கண்ணாடிப் போத்தலில் பிடித்தால் அடியில் குமிழாக உருண்டு நிற்பது தெரியும். மழைக்காலத்தில் அவ்வப்போது இதைச் செய்கிறேன். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது.

எஞ்சின் எண்ணெய்: ஒன்றும் செய்யவில்லை. 20டபிள்யூ என்று குறித்த எண்ணெயைக் குளிரில் சோதிப்பதே சுழியத்துக்குக் கீழே 15 பாகையில். நுவரெலியா அங்கே எங்கே போகிறது? கையேடு சொன்ன தரத்தையே ஊற்றினால் போதும். சோக்கை இழுத்து உதைத்து, ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் போடும் வரை ஓடவிட்டு, சோக்கைத் தள்ளிவிட்டு மெதுவாகக் கிளம்புவதுதான் என் வழக்கம். நின்ற இடத்தில் முறுக்கி அலறவிடுவதால் லயத்து நாய்கள்தான் எழும்பும்.

டயர் காற்றில் ஒரு வேடிக்கை. கொழும்பில் 30 பாகையில் அடித்த காற்று 10 பாகைக் குளிரில் சுருங்கி மூன்று பிஎஸ்ஐ போல இறங்க வேண்டும். ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. அதனால் மானி ஏறத்தாழ அதே மூன்றைக் கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. கொழும்பிலிருந்து வந்த வண்டிக்கு ஏன் காற்று இறங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இங்கேயே ஓடும் வண்டிக்கு விடியற்காலையில், டயர் ஆறியிருக்கும்போது பார்த்தால் சரி. காற்றைவிடப் பெரிய விஷயம் டயர் முகத்தில் இருக்கும் பள்ளக் கோடுகளின் ஆழம். டயரின் தேய்மானக் குறியை எட்டும் முன்பே முன் டயரை மாற்றிவிடுவேன். ஈரத்தில் அதில் கஞ்சத்தனம் பார்க்க முடியாது.

செயினுக்கு மண்ணெண்ணெயில் நனைத்த துணி, பிறகு கியர் எண்ணெய். மாலையில் வீடு வந்ததும் செயின் சூடாக இருக்கும்போதே போட்டால் இரவில் உள்ளே இறங்கும்.

மூடுபனியில் பெரிய வெளிச்சத்தைப் போடாதீர்கள். அது துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். சின்ன வெளிச்சத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துச் சாலையின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம். விளக்கில் மஞ்சள் தாள் ஒட்டுவது வெளிச்சத்தைக் குறைப்பதோடு சரி என்பது என் எண்ணம். ஒட்டியிருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஹெல்மெட் கண்ணாடி மூச்சில் மூடாமலிருக்க, பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு உட்புறம் தடவிக் காய்ந்த துணியால் தேய்த்துவிடுகிறேன். இரண்டு நாள் தாங்கும். மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கும் இது உதவும்.

உடுப்புக்கு நுவரெலியா பேல் பசாரில் வாங்கிய பழைய ஜாக்கெட். காற்று புகாத வெளித்துணியும் கழுத்து வரை ஸிப்பும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினேன். அதிகக் குளிர் என்றால் உள்ளே நெஞ்சுப் பக்கம் செய்தித்தாள் இரண்டு மடிப்பு. காலுறைக்கு மேல் பாண் வாங்கிய பொலித்தீன் பை, அதற்கு மேல் சப்பாத்து. பார்க்க அழகில்லை, கால் காய்ந்திருக்கிறது.

எங்கள் பாதையில் உறைபனியைவிட வழுக்குபவை வேறு. கரட் கழுவும் இடங்களிலிருந்து வழியும் சேற்றுத் தண்ணீர், மரக்கறித் தோட்டத்திலிருந்து ட்ராக்டர் இழுத்து வரும் மண், டர்பன்டைன் மரத்தின் ஈர இலை, வளைவுகளில் லொறி சிந்திய டீசல். டீசல் கிடக்கும் இடத்தில் நனைந்த தாரில் வானவில் நிறம் தெரியும்; விளக்கு வெளிச்சத்தில் தெரியாது, மணக்கும். மணந்தால் பிரேக்கைத் தொடாமல், வண்டியை நிமிர்த்தி, எக்ஸிலேட்டரை மெல்லக் குறைத்துக் கடந்துவிடுகிறேன்.

இன்னும் மிச்சமிருப்பது பின் சக்கரத்துப் பல்வட்டம். பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கூராகத் தொடங்கிவிட்டன. செயினோடு சேர்த்து ஏப்ரல் சீசனுக்கு முன் மாற்ற வேண்டும். அப்போது உறைகளைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, கம்பளியைப் பூச்சி அரிக்காமல் இரண்டு கற்பூர உருண்டையோடு கட்டி வைத்துவிடுவேன். செருப்புத் தைக்கும் அண்ணன் என் தாள் மாதிரியை வாங்கி வைத்திருக்கிறார். கேட்டு வருபவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிறாராம்.